ஆர்கான்: சோம்பேறியின் பெயரில் ஒரு தொழில்

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயோடு தருமபுரி மாவட்டம் தொடங்கிவிடும். நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை, தருமபுரி, காரிமங்கலம் என்று ஊர்கள் வரும். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்யும் பட்டறைகளில் எவர்சில்வர் வேலையும் எடுத்துச் செய்கிறவர்களைக் கேட்டால், ‘ஆர்கான் வெல்டிங் இருக்குதுங்க’ என்பார்கள். வாடிக்கையாளரும் அப்படியேதான் கேட்பார்: ‘அண்ணா, இது சாதா வெல்டிங் வேண்டாம், ஆர்கான்லயே வெச்சுக் குடுத்துருங்க.’

இதே வேலைக்கு ஐடிஐ பாடத்தில் ‘டிக்’ என்று பெயர். டங்ஸ்டன் இனெர்ட் கேஸ் என்பதன் முதலெழுத்துகள் அவை. அமெரிக்க வெல்டிங் சங்கம் ‘ஜிடிஏடபிள்யூ’ என்கிறது. கேஸ் டங்ஸ்டன் ஆர்க் வெல்டிங் என்று விரியும். ஜெர்மானியர்கள் ‘விக்’ என்பார்கள். பாடநூல் தமிழில் எழுதினால் ‘டங்ஸ்டன் மந்தவாயு மின்வில் பற்றவைப்பு’ என்று ஒரு மூச்சுக்கு நீளும்.

இந்த வேலையில் நான்கு பொருள்கள் சேர்கின்றன. உருகாமல் நிற்கும் ஓர் உலோக முனை, அதிலிருந்து கிளம்பும் மின்வில், வில்லைப் போர்த்தும் வாயு, உருகி ஒன்றாகும் தகடு. பொறியாளர்கள் முனைக்கும் வில்லுக்கும் பெயரில் இடம் கொடுத்தார்கள். பட்டறைக்காரர்கள் வாயுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டார்கள். இருவரில் பட்டறைக்காரர் வைத்ததே பொருத்தமான பெயர் என்பது என் கட்சி. அதை நிறுவ, நான்கு பொருள்களின் பெயர்களுக்கும் பூர்வீகம் பார்க்க வேண்டும்.

பற்றாசு

அதற்கு முன் வேலையின் பெயர். வெல்டிங்கைப் பற்றவைப்பு என்று எழுதுகிறோம். பழைய தலைமுறைக்கு அந்தச் சொல் அந்நியமில்லை. ஓட்டைக் குடத்தைப் பத்தவைத்துத் தருகிறவர்கள் தெருவில் வருவார்கள்; ரேடியோக் கடையில் ஈயம் பத்தவைப்பார்கள். பற்று என்றால் பிடித்துக்கொள்வது. நெருப்பு விறகைப் பற்றும். ஓர் உலோகம் இன்னொன்றைப் பற்றும். இரண்டுக்கும் தமிழ் ஒரே வினையை வைத்துக்கொண்டது.

பொன்னோடு பொன் சேர்க்க, பொன்னைவிடச் சீக்கிரம் உருகும் ஒரு கலவையைப் பொற்கொல்லர் இடையில் வைப்பார். அதற்குப் பற்றாசு என்று பெயர். அதைப் பொடியாக்கி, வெங்காரம் தடவிய மூட்டில் வைத்து, ஊதுகுழலால் சுடரைத் திருப்புவார். ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்ற வழக்கை இந்தத் தொழிலோடு சேர்த்துச் சொல்வதுண்டு. சூடேறிய மூட்டைக் காற்று தின்னாமல் காப்பது வெங்காரத்தின் வேலை. அது இல்லையென்றால் மூட்டில் கருமை படியும், பற்றாசு ஓடாது. இணைக்கிற பொருள் வேறு, இணைப்பைக் காக்கிற பொருள் வேறு என்ற பாகுபாடு நகைப்பட்டறையிலேயே தெளிவாக இருந்தது.

யாப்பிலக்கணம் இந்தச் சொல்லைப் பட்டறையிலிருந்து கடன் வாங்கியது. இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, இணைப்பில் ஓசை நிரம்பாவிட்டால் ஓரசையோ ஈரசையோ இட்டு நிரப்புவார்கள். அதன் பெயர் ஆசு. அப்படி அமைந்தது ஆசிடை நேரிசை வெண்பா. ஆசு வேண்டாமலே பொருந்தியது இருகுறள் நேரிசை வெண்பா. ஆர்கான் வெல்டிங்கிலும் இதே இரண்டு வகை உண்டு. மெல்லிய தகட்டின் விளிம்புகள் இடைவெளியின்றிச் சேர்ந்தால் கம்பி தொடாமலே இரண்டையும் உருக்கி ஒன்றாக்கலாம். இடைவெளி இருந்தாலோ தகடு கனமாக இருந்தாலோ ஃபில்லர் ராடு கொடுத்தாக வேண்டும். ஃபில்லருக்குத் தமிழ்ச் சொல் தேடிக் கலைச்சொல் குழு கூட்ட வேண்டியதில்லை. ஆசு என்ற சொல் பல நூறு ஆண்டுகளாகக் கைவசம் இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெயர்ச்சொல் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் வினை மாறவில்லை. ‘இங்க ஒரு வெல்டு வைங்க’, ‘முதல்ல நாலு டாக் வை’ என்றுதான் பேச்சு; டாக் என்பது தகடு நகராமல் பிடிக்கும் சிறு பற்று. பொடி வைத்தவர், பற்ற வைத்தவர், வெல்டு வைக்கிறவர் மூவர் வாயிலும் அதே ‘வை’ நிற்கிறது.

தகடு

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரம். அதை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறைக்குத் தகடூர் எறிந்தவன் என்பதே அடைமொழியாக நிலைத்தது. பெயரைப் பிரித்தால் தகடு, ஊர். தட்டிப் பரப்பிய உலோகம் தகடு. பூவிதழ், இலை என்ற பொருளும் அகராதியில் உண்டு. இந்த வட்டாரத்து இரும்பை நினைத்து வந்த பெயர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தகடு என்று வழக்காடி முடிக்க முடியாது. ஆனால் இரும்பு இங்கே இருந்தது உண்மை. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரியும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தின் இரும்புத்தாதை நம்பித்தான் 1830களில் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் உருக்காலை நடத்தினார்.

தகடூர்க்காரர்களின் உலோக வேலைக்கு இலக்கியச் சாட்சி புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக அடுக்கியிருப்பதைப் பார்க்கிறார். எங்கள் அரசனுடையவோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலப் பழித்தது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். தொழிற்கண்ணோடு பார்த்தால் அதில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையும் தெரிகிறது. வேலின் நுனியைச் சரிசெய்து கொடுக்க அன்றே அங்கே ஆள் இருந்தார்.

இன்று பட்டறையில் புரளும் தகடு எவர்சில்வர். ஆங்கிலேயர் கறைபடாத எஃகு என்ற பொருளில் பெயர் வைத்ததை, நம் வீடுகள் என்றும் வெள்ளி என்ற பொருள்பட அழைத்தன. பட்டறையில் ‘எஸ்எஸ்’, தரம் கேட்டால் ‘இருநூத்தி ரெண்டா, முன்னூத்தி நாலா’ என்பார்கள். 304 என்ற தரத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202இல் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீசு நிரப்பும். அதனால் விலையும் குறைவு, துருவைத் தாங்கும் திறனும் குறைவு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைத் தகட்டின் மேல் போர்த்துகிறது. அந்தப் படலம்தான் துருவைத் தடுக்கிறது. காற்றுப்பட உருக்கினால் குரோமியம் எரிந்து படலம் கெடும். அதன்பின் எவர்சில்வர் எவர்சில்வராக இருக்காது, பற்றுப் போட்ட இடத்தில் துரு எட்டிப்பார்க்கும். ஆர்கானின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

கனத்த கல்

டார்ச்சின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி டங்ஸ்டன். ஸ்வீடிஷ் மொழியில் துங் என்றால் கனம், ஸ்டேன் என்றால் கல். ஒகேனக்கல் இருக்கிற மாவட்டத்தில் இந்த மாதிரிப் பெயருக்கு விளக்கவுரை தேவையில்லை. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை; புகையும் கல் ஒகேனக்கல், கனக்கும் கல் டங்ஸ்டன்.

1781இல் அந்தக் கனத்த கல்லிலிருந்து புதியதோர் அமிலத்தைப் பிரித்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே. உலோகத்தைப் பிரித்தவர்கள் ஸ்பெயினைச் சேர்ந்த எல்ஹுயார் சகோதரர்கள், 1783இல். அவர்கள் எடுத்துக்கொண்ட தாது வேறு, அதன் பெயர் வுல்ஃப்ராம். வெள்ளீயம் உருக்கும்போது இந்தத் தாது கலந்துவிட்டால் ஈயம் குறைந்துபோகும். ஓநாய் தின்றுவிட்டது என்று ஜெர்மன் சுரங்கக்காரர்கள் வைத பெயர் அது. வேதியியல் குறியீட்டில் இன்றும் டபிள்யூ நிற்பதும், ஜெர்மன் ‘விக்’ வெல்டிங்கின் முதலெழுத்தும் அந்த ஓநாயிலிருந்து வந்தவை. ஸ்வீடன்காரர்களே உலோகத்தை டங்ஸ்டன் என்பதில்லை, வோல்ஃப்ராம் என்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘தங்குதன்’ என்று தமிழ் ஒலிக்கு மாற்றிக்கொண்டன.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் முதலில் குண்டு பல்பின் இழையாக வந்தது. பிறகு 2024இல் ஊரெங்கும் பரவியது. மேலூர் வட்டம் நாயக்கர்பட்டித் தொகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது அந்த நவம்பரில் தெரியவந்ததும், அரிட்டாபட்டியும் சுற்று ஊர்களும் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வெல்டரும் ஆசிரியரும் மட்டும் அறிந்திருந்த சொல், சில வாரங்களில் போராட்ட முழக்கமானது.

தருமபுரிக்கும் இந்தக் குடும்பத்தில் உறவு உண்டு. தனிம அட்டவணையில் டங்ஸ்டனுக்கு நேர் மேலே நிற்பது மாலிப்டினம். அரூர், ஊத்தங்கரை வட்டாரப் பாறைகளில் மாலிப்டினம் இருப்பதை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை கண்டறிந்து ஆய்வு செய்திருக்கிறது. அதையும் 1778இல் முதலில் அடையாளம் கண்டவர் அதே ஷீலே. 304 தகட்டுக்கு அண்ணனான 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். உப்பையும் அமிலத்தையும் தாங்குவதற்கு.

டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். உலோகங்களில் இதற்கு மேல் எதுவும் இல்லை. எதிரே எவர்சில்வர் குளமாக உருகி நிற்கும்போதும் இந்த முனை கூர் மழுங்காமல் நிற்பது இதனால்தான். ஆனால் சுத்த டங்ஸ்டன் எலக்ட்ரான்களை எளிதில் உமிழாது. அதற்காக ஒரு சிட்டிகை வேறு ஆக்சைடு சேர்த்து, கம்பியின் ஒரு முனையில் நிறம் தீட்டியிருப்பார்கள். சிவப்பு என்றால் 2 சதவீதம் தோரியம், சாம்பல் என்றால் சீரியம், நீலம் என்றால் லாந்தனம். மூன்றுமே குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருப்பவை. தோரியம் கதிரியக்கம் உள்ளது. சிவப்புக் கம்பியைத் தீட்டும் தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாது. நீலமோ சாம்பலோ கிடைக்கும்போது சிவப்பை விட்டுவிடுவது நல்லது.

முனையைத் தீட்டுவதிலும் ஒரு முறை உண்டு. சாணைக்கல்லின் கீறல்கள் கம்பியின் நீளவாக்கில் விழ வேண்டும், வளையம் வளையமாக விழக் கூடாது. வளையமாக விழுந்தால் வில் ஓரிடத்தில் நிற்காமல் அலையும்.

வில்

ஆர்க் என்பதற்குத் தமிழில் மின்வில் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி டேவி போன்றோர் இரண்டு கரித்துண்டுகளைப் படுக்கைவாக்கில் எதிரெதிரே வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். இடையில் எழுந்த சுடர், சூடான காற்று மேலே தூக்கியதால் வில்லாக வளைந்தது. பெயர் அந்த வளைவுக்கு வந்தது. டார்ச் கீழ்நோக்கி இருக்கும் ஆர்கான் வெல்டிங்கில் வளைவே கிடையாது. முனையிலிருந்து தகட்டை நோக்கி மணி வடிவில் விரியும். வடிவம் போன பிறகும் பெயர் தங்கிவிட்டது.

பட்டறையில் இந்த வில் இரண்டு விதமாக எரியும். எவர்சில்வருக்கு நேர்மின்னோட்டம், டார்ச் எதிர்முனையில். அப்போது சூட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் தகட்டில் இறங்கும், முனை தப்பிக்கும். அலுமினியத்துக்கு இது உதவாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலுள்ள ஆக்சைடுத் தோலோ 2,000 டிகிரியைத் தாண்டியும் உருகாது. உள்ளே உலோகம் உருகி ஓடத் தயாராக இருந்தாலும் தோல் விடாது. மாறுமின்னோட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் திசை திரும்பும்போது வில் அந்தத் தோலை உடைத்துச் சுத்தம் செய்யும். வெடித்துப்போன அலுமினியப் பால்கேனை எடுத்துக்கொண்டு போகிறவர், மெஷினில் ‘ஏசி’ இருக்கிறதா என்று கேட்பது இதனால்தான்.

சூரியன்

இந்த வெல்டிங்குக்கு முதலில் அமைந்த பெயரில் ஆர்கான் இல்லை, ஹீலியம் இருந்தது. அந்த ஹீலியத்தின் கதை பழைய சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் நிறமாலைமானியோடு காத்திருந்து, சூரியனின் விளிம்பில் எழுந்த பிழம்புகளைப் பார்த்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டுக்கு அருகில், ஆனால் அதே இடத்தில் இல்லை. பின்னர் இங்கிலாந்தில் லாக்கியர் அது பூமியில் அறியப்படாத தனிமம் என்று முடிவுகட்டினார். சூரியனைக் குறிக்கும் ஹீலியோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் வந்தது.

1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் மெக்னீசியத்தால் விமானம் கட்டப் பார்த்தார்கள். மெக்னீசியம் சூட்டில் காற்றுப்பட்டால் தீப்பிடிக்கும். அங்கே பணியாற்றிய ரஸல் மெரடித், டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியத்தைப் பாய்ச்சும் டார்ச்சை உருவாக்கினார். 1942 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. மந்த வாயுவுக்குள் வில்லை எரிக்கும் யோசனைக்கு 1930லேயே ஹோபார்ட், டெவர்ஸ் இருவரும் காப்புரிமை பெற்றிருந்தார்கள். பட்டறையில் கையாளும் கருவியாக்கியது மெரடித்தின் வேலை. அதன் விற்பனைப் பெயர் ஹீலியார்க். ஹீலியமும் ஆர்க்கும் சேர்ந்த கூட்டுச்சொல். ஆக இந்தத் தொழிலுக்கு வைத்த முதல் பெயரே வாயுவை முன்னிறுத்தியதுதான்.

சோம்பேறி

ஹீலியம் காற்றைவிட ஏழில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். டார்ச்சிலிருந்து வந்ததும் மேலே பறந்துவிடும். நிறைய விட்டால்தான் மூட்டை மூடும். ஆர்கான் காற்றைவிட 1.38 மடங்கு கனம். தகட்டின் மேல் இறங்கிப் படுத்துக்கொள்ளும். விலையும் குறைவு. ஹீலியத்தின் இடத்தை அது பிடித்ததில் வியப்பில்லை.

ஆர்கானைக் கண்டுபிடித்தது எடை பார்த்துத்தான். லார்டு ராலே நைட்ரஜனை இரண்டு வழிகளில் தயாரித்து நிறுத்தார். காற்றிலிருந்து எடுத்தது, அம்மோனியாவிலிருந்து எடுத்ததைவிட ஏறக்குறைய அரை சதவீதம் கூடுதலாக இருந்தது. வேறொருவராக இருந்தால் தராசைக் குறை சொல்லியிருப்பார். ராலே அந்த அரை சதவீதத்தை விடவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் நீக்கிய பிறகு மிச்சமிருந்த வாயு எதனோடும் சேரவில்லை. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் அறிவித்தார்கள். அந்தக் கூட்டத்தில் தலைமை வகித்த எச். ஜி. மேடன் சொன்ன பெயர்தான் ஆர்கான். கிரேக்கத்தில் வேலை செய்யாதவன், சோம்பேறி என்று பொருள். எதையும் விட்டுவைக்காத ஃப்ளோரினோடு சேர்த்துப் பார்த்தும் அது அசையவில்லை. மறு ஆண்டே ராம்சே ஹீலியத்தையும் பூமியில் ஒரு கனிமத்திலிருந்து எடுத்துக்காட்டினார். 1904இல் ராலேவுக்கு இயற்பியல் நோபல், ராம்சேக்கு வேதியியல் நோபல்.

நம் பாடநூல்கள் இந்தக் குடும்பத்துக்கு மந்த வாயுக்கள் என்று பெயரிட்டன. கிரேக்கத்தான் சொன்னதையே தமிழ் தன் வழியில் சொல்லிவிட்டது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் 0.93 சதவீதம் இந்தச் சோம்பேறிதான். திரவக் காற்றைக் காய்ச்சி வடிக்கும்போது நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், ஆர்கான் மைனஸ் 186இலும், ஆக்சிஜன் மைனஸ் 183இலும் கொதிக்கும். இரண்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்வதைத் தனியே பிரித்து நீல சிலிண்டரில் அடைக்கிறார்கள்.

குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஆவியாகிப் போகாமல் இருக்க நிரப்பியதும் ஆர்கான்தான். டார்ச்சில் சேர்வதற்கு முன்பே இந்த ஜோடி வீட்டுக்கு வீடு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டறை வைத்த பெயர்

பட்டறையின் பெயரிடும் முறையைத் தனியாகப் பார்த்தால் அதில் ஒழுங்கு இருப்பது தெரியும். ஆக்சிஜனும் அசிட்டிலீனும் எரிந்தால் ‘கேஸ் வெல்டிங்’. குச்சி வைத்து அடித்தால் ‘சாதா வெல்டிங்’, ‘ராடு வெல்டிங்’. கம்பி தானாக ஓடும் இயந்திரத்தைப் பொறியாளர் ‘மிக்’ என்பார், பட்டறை ‘சிஓடூ’ என்னும். டங்ஸ்டன் முனை வைத்தது ‘ஆர்கான்’. எந்த சிலிண்டர் தீர்ந்தால் வேலை நிற்குமோ, எதற்குக் காசு கொடுத்து நிரப்ப வேண்டுமோ, அதன் பெயர் தொழிலுக்கு வந்துவிடுகிறது. ரஷ்யப் பட்டறைகளிலும் இதற்கு ஆர்கானை வைத்தே செல்லப்பெயர். பட்டறைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

செலவு ஒரு காரணம். பெரிய காரணம் வேலையின் தரம். ஆர்கான் வெல்டிங்கில் வரும் குறைகளை வரிசைப்படுத்தினால் பெரும்பாலானவை வாயு சரியாகப் போர்த்தாததில் போய் முடியும்.

சித்திரை வெயிலில் தருமபுரித் தகரக் கொட்டகை எப்படிக் காயும் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். ஆர்கான் வேலை தொடங்கும்போது முதலில் நிறுத்துவது மின்விசிறியை. நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர் அளவில் செராமிக் கப்பிலிருந்து மெதுவாக இறங்கும் வாயுவை, விசிறிக் காற்று ஒரு நொடியில் கலைத்துவிடும். பயந்துகொண்டு வாயுவைக் கூட்டித் திறப்பவர்களும் ஏமாறுவார்கள். வேகம் கூடினால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். மூட்டில் பொடிப்பொடியாகத் துளை விழும். வியர்வை கையுறைக்குள் இறங்க, முகமூடிக்குள் மூச்சு முட்ட, முனைக்கும் தகட்டுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை விடாமல் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். இடது கை ராடை நுனி நுனியாகக் குளத்தில் தொட்டுத் தொட்டு எடுக்கும். ராடின் சூடான நுனி வாயுப் போர்வைக்கு வெளியே வந்துவிடக் கூடாது. வந்தால் கறுத்து, அடுத்த தொடுகையில் அந்தக் கறையும் மூட்டுக்குள் போகும்.

டங்ஸ்டன் குளத்தில் முட்டிவிட்டால் உடனே நிறுத்தித் தீட்ட வேண்டும். அப்படியே ஓட்டினால் முனையின் துணுக்கு மூட்டில் தங்கும். எக்ஸ்ரே படத்தில் துளை கறுப்பாகத் தெரியும், டங்ஸ்டன் துணுக்கு வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். உயரழுத்தக் கொதிகலன் குழாய்களில் முதல் சுற்றை ஆர்கானில் வைத்து, மேல் சுற்றுகளை ராடு வெல்டிங்கில் முடிப்பது வழக்கம். அடிச்சுற்று ஒழுங்காக இருந்தால்தான் மேலே கட்டியது நிற்கும். திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், தகட்டின் மேல் ஒரு பூச்சுத் தடவி ஆர்கான் வில்லை ஆழமாக இறங்கவைக்கும் முறையை எஃகுக்கு வளர்த்தெடுத்திருக்கிறது. வெங்காரம் தடவியவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

வேலை முடிந்ததும் தேர்ந்த கை டார்ச்சை உடனே எடுக்காது. வில் அணைந்த பிறகும் சில நொடிகள் அதே இடத்தில் பிடித்திருக்கும்; வாயு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சிவந்த மூட்டும் சிவந்த முனையும் ஆறும்வரை அதற்குக் காவல் வேண்டும். ஆறிய மூட்டின் நிறமே மதிப்பெண். வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்லது. நீலம் என்றால் சூடு கூடியிருக்கிறது அல்லது போர்வை விலகியிருக்கிறது. சாம்பலும் கறுப்பும் என்றால் குரோமியம் எரிந்துவிட்டது. முன்பக்கம் பளபளத்தாலும் பின்பக்கம் காற்றுப்பட்டால் கரடுமுரடாகக் கருகிப் பூத்திருக்கும். பால், மருந்து, உணவு ஓடும் குழாய்களில் அந்தப் பூப்பில் கிருமி தங்கும். அதைத் தடுக்கக் குழாயின் இரண்டு முனைகளையும் அடைத்து உள்ளேயும் ஆர்கானை நிரப்புவார்கள். தொட்டிக்குள் இறங்கிச் செய்யும் வேலையில் இதே வாயு ஆளையும் கொல்லும். வாசனையில்லாத, காற்றைவிடக் கனமான ஆர்கான் அடியில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். சோம்பேறி என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

முனை கூர்மையைக் கொடுக்கிறது, வில் சூட்டைக் கொடுக்கிறது, ராடு உடம்பைக் கொடுக்கிறது. இவை மூன்றும் இருந்தும் வாயு இல்லையென்றால் கையில் கிடைப்பது கரி. எதனோடும் சேராத ஒன்று நடுவில் நிற்பதால்தான் மற்ற இரண்டும் சேர்கின்றன. அதைக் கண்டுகொண்டு அதன் பெயரையே தொழிலுக்கு வைத்த பட்டறை, பெயரியலில் பொறியாளரை முந்திவிட்டது. மந்த வாயுவோடு சிறிது ஹைட்ரஜனும் கலப்பதுண்டு, ஆகவே மந்தம் என்று சொல்ல முடியாது என்று கருதித்தான் அமெரிக்கச் சங்கம் வெறும் கேஸ் என்று பெயரை மாற்றியது. பட்டறைப் பெயருக்கு அந்தச் சங்கடமும் இல்லை. வழக்கமான கலவைகளில் பெரும்பங்கு ஆர்கான்தான்.

அகராதி தொகுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘டங்ஸ்டன் மந்தவாயு மின்வில் பற்றவைப்பு’ பாடநூலில் இருக்கட்டும். ‘ஆர்கான் வெல்டிங்’ என்பதைத் தனித் தலைச்சொல்லாகச் சேருங்கள். டாக் வைத்தல், முனை தீட்டுதல் என்று பட்டறை புழங்கும் சொற்களையும் பக்கத்தில் வையுங்கள். மாவட்டத்து ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்தால் போதும், இந்தத் தொகுப்பு நடந்துவிடும். கைப்பிடிக்கோ தொட்டிக்கோ ஆர்கான் வேலை கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷ் போட்ட பிறகு போய்ப் பார்க்காதீர்கள். எல்லா மூட்டும் அப்போது ஒன்றுபோல மின்னும். பாலிஷுக்கு முன்பே போய், மூட்டின் நிறத்தையும் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.